அன்னமும் ஆவும் நெய்யரியும்

திருவாரூர் மாவட்டம் பூந்தோட்டத்தை அடுத்த கூத்தனூரில் கலைமகள் தனிக்கோயில் கொண்டு எழுந்தருளியுள்ளாள். விசயதசமி நாளில் மழலைகளை மடியில் இருத்தி, விரல் பற்றி, பரப்பிய நெல்லில் முதலெழுத்தை எழுதுவிக்கும் பெற்றோரால் இத்திருக்கோயில் நிரம்பி வழியும். மாசி, பங்குனித் திங்கள்களில் வருவோர் வேறு வகையினர். தேர்வு நுழைவுச் சீட்டையும் எழுதுகோலையும் அன்னையின் திருவடியில் வைத்துப் பெற்றுச் செல்லும் மாணவரும், அவர்தம் தாய் தந்தையருமே அப்போது மிகுதி. கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்தில் குன்றின்மேல் விளங்கும் அயக்கிரீவப் பெருமாள் சந்நிதியிலும் இக்காட்சியைக் காணலாம்.

இவ்விடங்களில் பெற்றோர் வேண்டிக்கொள்வது பெரும்பாலும் ஒன்றே. பிள்ளைக்கு நல்ல புத்தி வேண்டும் என்பதே அது. அவ்வேண்டுதலுக்குப் பின்னே சொல்லப்படாத ஓர் அச்சமும் உண்டு. "இவன் எத்தனை முறை படித்தாலும் மனத்தில் ஏறவில்லை; இவன் மந்தமானவனோ?" என்பதே அவ்வச்சம். அண்டை வீட்டுப் பிள்ளை ஒருமுறை படித்ததை ஒப்பிக்கின்றான்; தம் பிள்ளை இரவெல்லாம் கண்விழித்தும் காலையில் மறந்து நிற்கின்றான். அவ்வாறாயின் புத்தி என்பது சிலருக்குக் கொடுத்தும் சிலருக்குக் குறைத்தும் அளக்கப்பட்ட ஒரே பொருள்தானா? அன்றிப் பலவகைப்பட்டதா? ஒவ்வொருவரும் கற்பதற்கு ஏற்ற வழி வேறு வேறா? இவ்வினாக்கள் இன்று நேற்று எழுந்தவை அல்ல. தமிழ் இலக்கண நூலாராகிய பவணந்தி முனிவர் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இவற்றை எண்ணிப் பார்த்துள்ளார்.

நன்னூல் காட்டும் எண்வகையினர்

பவணந்தியார் சமண முனிவர். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட நன்னூலை இயற்றினார். அந்நூலுக்கு முதலில் உரை கண்ட மயிலைநாதரும் சமணரே. பின்னர் உரை வகுத்த சங்கர நமச்சிவாயர் சைவர். அவ்வுரையைத் திருத்தி விரித்த சிவஞான முனிவர் திருவாவடுதுறை ஆதீனத்துத் தவச்செல்வர். சமயம் வேறாயினும் கல்வி ஒன்றெனக் கொண்டு, சைவ மடங்களில் பல தலைமுறை மாணாக்கர் இந்நூலைப் பாடங்கேட்டு வந்தனர் என்பது நினைந்து மகிழத்தக்கது.

இலக்கணத்தைத் தொடங்குமுன் பாயிரப் பகுதியில் பவணந்தியார் நூல் எது, ஆசிரியன் யார், மாணாக்கன் யார், கற்பிப்பது எவ்வாறு, கற்பது எவ்வாறு என்பவற்றை வகுத்துரைக்கின்றார். அங்கே மாணாக்கரை எண்வகை உவமைகளால் விளக்குகின்றார். அன்னமும் ஆவும் போல்வார் தலை மாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடை மாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை போல்வார் கடை மாணாக்கர்.

உரையாசிரியர்கள் இவற்றுக்குத் தரும் விளக்கம் சுவை மிக்கது. அன்னம் பாலையும் நீரையும் பிரித்துப் பாலை மட்டும் பருகும் என்பது மரபு. அதுபோல் குணமும் குற்றமும் பிரித்தறிந்து குணத்தைக் கொள்பவன் ஒருவன். ஆவானது புல் மிகுந்த இடம் கண்டால் வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்தில் அமைதியாகப் படுத்து, உண்டதை வாய்க்குக் கொணர்ந்து அசைபோடும். அதுபோல் நல்லாசிரியரிடம் நிரம்பக் கேட்டு, தனித்திருந்து அவற்றை மீண்டும் மீண்டும் சிந்திப்பவன் மற்றொருவன். நிலம் உழவன் செய்யும் முயற்சியின் அளவாகவே விளைவு தரும். கிளி சொல்லிக் கொடுத்ததை அன்றி வேறொன்று சொல்லாது. ஓட்டைக்குடம் வார்த்த நீரை அப்போதே ஒழுகவிடும். ஆடு தழை நிறைந்த செடி ஒன்று எதிரே நின்றாலும் அதில் நிலைத்து மேயாது, ஒரு வாய் இங்கும் ஒரு வாய் அங்குமாகக் கடித்துச் செல்லும். எருமை தெளிந்த குளத்தில் இறங்கி, முதலில் அதைக் கலக்கிவிட்டுப் பிறகே குடிக்கும். நெய்யரி நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுப் பூச்சியையும் தும்பையும் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும்.

நெய்யரி என்பது முற்காலத்தில் பெரும்பாலும் பனை, தென்னை மட்டைகளின் அடியில் வலைபோல் படர்ந்திருக்கும் பன்னாடையே ஆகும். பிள்ளைகளை ஏசும்போது இன்றும் பலர் வாயில் வரும் அச்சொல், நல்லதை விட்டு அல்லதைப் பற்றும் வடிகட்டியைக் குறிப்பது. ஏசுவோரும் ஏசப்படுவோரும் அறியாமலேயே நன்னூல் உவமை ஒன்று வீட்டு வழக்கில் உலவி வருகின்றது.

இவ்வெட்டையும் உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இவை பிறப்பில் அமைந்த மூளைத்திறனை அளந்து வகுத்தவை அல்ல. கேட்டதை ஒருவன் என்ன செய்கின்றான் என்பதைக் கொண்டு வகுத்தவை. பிரிக்கின்றானா, அசைபோடுகின்றானா, அப்படியே திருப்பிச் சொல்கின்றானா, ஒழுகவிடுகின்றானா, நுனிப்புல் மேய்கின்றானா, கலக்குகின்றானா என்பதே நோக்கம். செய்கை மாறினால் வகையும் மாறும். கணக்குப் பாடத்தில் அன்னமாய் விளங்கும் பிள்ளையே வரலாற்றுப் பாடத்தில் ஆடாய்த் திரிவதை எந்த வீட்டிலும் காணலாம்.

நிலத்தை நன்னூலார் இடைப்பட்டதாகவே வைத்தார். ஆயினும் கவலையுறும் பெற்றோருக்கு அவ்வுவமையே பெரிதும் ஆறுதல் தருவதாகும். நிலத்தின்மேல் பழி இல்லை. எரு எவ்வளவு, நீர் எவ்வளவு, உழவு எத்தனை சால் என்பதே அங்குக் கேள்வி.

இவ்விடத்தில் மறைக்காமல் கூறவேண்டியது ஒன்றுண்டு. யார் யாருக்கு நூல் கற்பிக்கலாகாது என்று நன்னூல் தரும் வரிசையில் கள்வன், சினத்தன், உறங்குபவன் முதலியோருடன் பிணியாளனும் மந்தனும் இடம்பெறுகின்றனர். ஆசிரியன் ஒருவனைச் சூழ்ந்து சில மாணாக்கர் மட்டும் கற்ற காலத்து வழக்கு அது. அதனை இன்று ஏற்றல் இயலாது. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகள் அனைவருக்கும் கட்டணமின்றிக் கல்வி தருவதைக் கட்டாயமாக்கியுள்ளது. நன்னூலைப் போற்றுவோரும் அவ்வொரு நூற்பாவைப் பழங்காலத்துக்கு உரியதென விட்டுவிடுவதே தகும்.

புத்தி ஒன்றா, பலவா?

மேலைநாட்டில் புத்தியை அளக்கும் முயற்சி 1905ஆம் ஆண்டு பாரிசு நகரில் உருப்பெற்றது. ஆல்பிரட் பினே என்னும் உளநூலார், தியோடர் சைமன் என்னும் மருத்துவருடன் இணைந்து, பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளை இனங்கண்டு அவர்களுக்குத் தனி உதவி அளிக்கும் பொருட்டு ஒரு தேர்வை வகுத்தார். அறிவின் அளவு மாறாதது, கூட்டமுடியாதது என்று கூறுவோரைப் பினே கடுமையாக மறுத்தவர். எனினும் அத்தேர்வு கடல் கடந்து சென்று, மனிதரை ஒற்றை எண்ணால் முத்திரையிடும் கருவியாயிற்று. உதவுவதற்கு வந்த அளவுகோல் ஒதுக்குவதற்குப் பயன்பட்டது வருந்தத்தக்கதே.

ஒற்றை எண்ணை மறுத்து, அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓவர்டு கார்டினர் 1983இல் ஒரு நூல் எழுதினார். மொழித்திறன், கணக்கும் தருக்கமும் அறியும் திறன், இசைத்திறன், இடத்தையும் வடிவத்தையும் மனத்தில் காணும் திறன், உடலை ஆளும் திறன், பிறர் உள்ளம் அறியும் திறன், தன் உள்ளம் அறியும் திறன் என அறிவு எழுவகைப்படும் என்றார். மரம், செடி, பறவை, விலங்கு முதலியவற்றை வகைதெரிந்து அறியும் திறனை எட்டாவதாகப் பின்னர்ச் சேர்த்தார்.

பெரியபுராணம் பயின்றோருக்கு இவ்வகைப்பாடு வியப்பளிக்காது. மந்தை மேய்த்த ஆனாயர் குழலில் ஐந்தெழுத்தை இசைத்தே இறைவனை அடைந்தார். திருநின்றவூர்ப் பூசலாரிடம் பொருள் இல்லை. அவர் மனத்துக்குள்ளேயே அடித்தளம் இட்டு, விமானம் எழுப்பி, சிகரம் அமைத்து, குளமும் தொட்டு, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காடவர் கோன் காஞ்சியில் எழுப்பிய கற்றளிக்கு வருவதற்கு முன் இறைவன் நாடியது அம்மனக்கோயிலையே. திருவாரூர்த் தண்டியடிகள் பிறவியிலேயே கண்பார்வை அற்றவர். திருக்குளத்தின் கரையிலும் குழியிலும் கோல்கள் நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண்ணைச் சுமந்து குளத்தை அகலப்படுத்தினார். ஆனாயரை எழுத்துத் தேர்விலும், தண்டியடிகளைப் படம் வரையும் தேர்விலும் அமர்த்தி மதிப்பெண் இட்டிருந்தால் இருவரும் தவறியிருப்பர். சேக்கிழார் பெருமான் அவரவர் ஆற்றலை அவரவர் தொண்டில் வைத்தே காட்டினார்.

கணித மேதை இராமானுசன் வாழ்வும் இங்கு நினைவுக்கு வரும். நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாக வணங்கிய அக்குடும்பத்துப் பிள்ளை, கணக்கில் மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தார். பின் சென்னையிலும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை.

எனினும் கார்டினர் கொள்கையை அப்படியே வேதவாக்காகக் கொள்ளவேண்டியதில்லை. உளநூலார் பலர் அதனை ஏற்பதில்லை. ஒரு திறனில் நன்கு செய்வோர் மற்றத் திறன்களிலும் ஓரளவு நன்கு செய்வதையே அறிவுத்தேர்வுகள் நெடுங்காலமாகக் காட்டி வருகின்றன. ஆதலின் அத்திறன்கள் ஒன்றோடொன்று தொடர்பற்ற தனித்தனி அறிவுகள் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்பது அவர்தம் வாதம். அவ்வாதம் எவ்வாறு முடியினும், ஒரே தேர்வுத்தாள் ஒரு பிள்ளையின் முழு ஆற்றலையும் காட்டிவிடாது என்பதில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை.

கண்ணால் கற்பவன், காதால் கற்பவன்

கார்டினர் கருத்தோடு வேறொரு கருத்து கலந்து, பள்ளிகளிலும் வீடுகளிலும் பெரிதும் பரவிவிட்டது. சில பிள்ளைகள் கண்ணால் கற்பவர், சிலர் காதால் கற்பவர், சிலர் கையால் செய்து கற்பவர். எவர் எவ்வகையினர் எனக் கண்டறிந்து அவ்வழியிலேயே பாடம் புகட்டவேண்டும் என்பது அது. கேட்பதற்கு இனிதாகவும் நியாயமாகவும் உள்ளது. ஆனால் 2008ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலார் நால்வர், இது குறித்து அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கினர். பிள்ளைகளுக்கு விருப்பமான வழி என ஒன்று இருப்பது உண்மையே; ஆயினும் அவ்விருப்பத்துக்கு ஏற்பக் கற்பித்தால் மிகுதியாகக் கற்பர் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. தம் எழுவகை அறிவும் இக்கற்றல் பாணிகளும் ஒன்றல்ல என்று கார்டினரே தெளிவுபடுத்தியுள்ளார்.

திருக்கோயிலுக்கு வருவோர் இதனைத் தம் கண்முன்னே காணலாம். தேவாரப் பண்ணைக் கண்ணால் கற்க இயலுமா? "நான் கண்ணால் கற்பவன்" என்று ஒருவன் ஏட்டை மட்டும் நோக்கிக் கொண்டிருந்தால் காந்தாரமும் கொல்லியும் அவனுக்கு ஒருநாளும் கைகூடா. ஓதுவார் பாடக் கேட்டே ஆகவேண்டும். தவிலை விரலாலும் கோலாலும் முழக்கிப் பழகாமல், கேட்டு மட்டும் எவரும் வித்துவான் ஆனதில்லை. தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின் மேல்தளத்தில் செதுக்கப்பட்ட 81 நாட்டியக் கரணங்களை எவ்வளவு சொற்களால் விரித்தாலும், கண்டபின்னரே அவை விளங்கும். ஆகவே கண்ணா, காதா, கையா என்பதைப் பெரிதும் முடிவு செய்வது கற்கும் பொருளே. பிள்ளையின் பிறவி வகை என ஒன்றை நாட்டி, "இவனுக்குப் படித்தால் ஏறாது, கேட்டால்தான் ஏறும்" என்று வீட்டார் முடிவுகட்டுவது, அவனுக்கு ஒரு வாயிலைத் தாமே அடைப்பதாகும்.

கற்பிக்கும் ஆசிரியன் இடமும் காலமும் நோக்கி, விரைவும் சினமும் இன்றி, முகமலர்ந்து, கொள்வோன் எவ்வாறு கொள்வான் என்பதை அறிந்து கற்பிக்கவேண்டும் என்று நன்னூலும் கூறுகின்றதே, அது இதற்கு மாறன்றோ எனச் சிலர் வினவலாம். மாறன்று. மாணாக்கன் முன்னரே எவ்வளவு அறிந்துள்ளான், ஒரே வேளையில் எவ்வளவு தாங்குவான், எங்கே இடறுகின்றான் என்பவற்றை நோக்கிக் கற்பிப்பதையே அது குறிப்பதாகக் கொள்ளலாம். பெருக்கல் அறியாதவனுக்கு வகுத்தலைக் கற்பித்தால் கண்ணாலும் ஏறாது, காதாலும் ஏறாது.

ஆசிரியருக்கும் பவணந்தியார் உவமை கூறத் தவறவில்லை. அவற்றுள் பருத்திக் குண்டிகை என்பது குறிக்கத்தக்கது. வாய் குறுகிய குடுவையில் பஞ்சை அடைத்து வைத்தால், திணிக்கும்போதும் சிறிது சிறிதாக வருந்தித் திணிக்கவேண்டும். எடுக்கும்போதும் அவ்வாறே பிய்த்துப் பிய்த்து எடுக்கவேண்டும். தாமும் அரிதின் கற்று, பிறர்க்கும் அரிதின் கற்பிக்கும் ஆசிரியர் இத்தகையவர். இரவு பத்து மணிக்குப் பிள்ளையை எதிரில் இருத்திக்கொண்டு கணக்குச் சொல்லித் தரும் தந்தையர் பலர் இவ்வுவமையில் தம்மைக் கண்டுகொள்வர்.

அசைபோடும் முறை

எவ்வகையினர்க்கும் பொதுவாகப் பயன் தரும் வழி யாது? இங்கேதான் பண்டை மரபும் இன்றைய ஆய்வும் நெருங்கி வருகின்றன.

2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயிண்டு லூயி நகரிலுள்ள வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் ஓர் ஆய்வு செய்தனர். மாணவரில் ஒரு சாரார் சிறு உரைநடைப் பகுதி ஒன்றை நான்கு சுற்றும் படித்தனர். மற்றொரு சாரார் முதற்சுற்றில் மட்டும் படித்து, எஞ்சிய மூன்று சுற்றிலும் ஏட்டைப் பாராமல் நினைவிலிருந்தே எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முதற்சாரார் நூற்றுக்கு 83 பங்கு நினைவில் வைத்திருந்தனர். மற்றவர் 71 பங்கே. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ நிலை தலைகீழாயிற்று. திரும்பத் திரும்பப் படித்தோரிடம் எஞ்சியது 40 பங்கு. ஏட்டை மூடி நினைவுகூர்ந்தோரிடம் எஞ்சியது 61 பங்கு. இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. நன்றாக நினைவில் நிற்கும் என்று மிகுதியாக நம்பியிருந்தவர் நான்கு முறை படித்தவர்களே! இரவெல்லாம் படித்து, "எல்லாம் தெரியும்" என்று உறங்கி, காலையில் மறந்து நிற்கும் பிள்ளையின் துன்பத்துக்கு இதுவே பெரும்பாலும் காரணம். அவன் மந்தன் அல்லன், மேய்ந்தான், அசைபோடவில்லை.

இடைவெளி விட்டுப் பயில்வதன் பயனை இன்னும் முன்னரே, 1885இல், செருமானிய அறிஞர் எபிங்காசு தம்மையே சோதித்துக் கண்டார். பொருளற்ற அசைகளை மனனம் செய்தபோது, ஒரே நாளில் 68 முறை ஓதியதால் கிடைத்த பயன், மூன்று நாள்களில் பகிர்ந்து 38 முறை ஓதியதாலேயே கிடைத்தது என அவர் எழுதினார்.

வேத பாடசாலைகளிலும் திவ்வியப் பிரபந்தம் பயில்வோரிடையிலும் சந்தை சொல்லுதல் என்றொரு முறை உண்டு. ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணாக்கர் இருமுறை திருப்பிச் சொல்வர். நாள்தோறும் பழம்பாடத்தை ஓதிய பின்னரே புதுப்பாடம். வேதத்தில் இதற்கு மேலும் சென்று, முதற்சொல்லையும் இரண்டாம் சொல்லையும் இணைத்து, பின் இரண்டாவதையும் மூன்றாவதையும் இணைத்து ஓதுவது கிரமம்; சொற்களை முன்னும் பின்னும் முன்னுமாக மாற்றி ஓதுவது சடை; இன்னும் சிக்கலானது கனம். ஒரே வரிசையில் ஓதினால் நாக்கு தானே ஓடிவிடும், மனம் உறங்கிவிடும். வரிசையை மாற்றும்போது ஒவ்வொரு சொல்லையும் மனம் விழித்திருந்து தேடி எடுக்கவேண்டியதாகின்றது. கிளி நிலையில் நின்றுவிடாமல் காக்கும் ஏற்பாடு இது. ஓலைச்சுவடியும் அச்சும் துணையின்றி நீண்ட பாடங்கள் ஒலி பிறழாமல் தலைமுறைதோறும் வந்தது இதனால்தான். சைவ சித்தாந்தம் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் எனப் படிமுறை வகுத்தபோது, கேட்டலை முதற்படியாக மட்டுமே வைத்ததும் கருதத்தக்கது.

நன்னூல் இதனைக் கணக்கிட்டே கூறிவிடுகின்றது. ஒரு நூலை ஒருமுறை கேட்டவன் மீண்டும் ஒருமுறை கேட்டால் பிழையின்றி அறிவான். மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து பிறர்க்கு எடுத்துரைப்பான். ஆனால் ஆசிரியன் சொன்னதை எவ்வளவு செவ்வையாகக் கேட்டாலும் புலமையில் காற்பங்குதான் கிட்டும். உடன்பயில்வாரோடு ஆராய்வதால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைப்பதால் மட்டுமே வரும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய இக்கணக்கில் ஆசிரியனுக்குக் காலே கிடைத்திருப்பதும், பிறர்க்குச் சொல்லித் தருவதற்கு அரை கிடைத்திருப்பதும் எண்ணி எண்ணி வியத்தற்குரியன.

திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்னும் முதுமாணாக்கன் இளையோர்க்குப் பாடம் சொல்லி வந்தது இம்மரபின் தொடர்ச்சி எனலாம். அது கடல் கடந்த கதையும் உண்டு. 1787இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் கிறித்தவப் பாதிரியார், எழும்பூரில் இருந்த படைவீரர் அனாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் வழியில் ஓர் உள்ளூர்ப் பள்ளியில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறு செய்ய முனைந்தபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே சிறு பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கச் செய்தார். அம்முறை நன்கு பலித்தது. 1797இல் இலண்டனில் அதுகுறித்து நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் பல்லாயிரம் ஏழைப் பிள்ளைகள் "சென்னை முறை" என்னும் பெயராலேயே பின்னர் எழுத்தறிவு பெற்றனர். அவர் விட்டுச்சென்ற பொருளால் சுகாத்துலாந்தின் செயிண்டு ஆண்ட்ரூசு நகரில் அமைந்த பள்ளி இன்றும் மதராசு கல்லூரி என்றே வழங்குகின்றது.

இவையெல்லாம் ஏட்டளவில் நின்ற கொள்கை அல்ல என்பதற்கு மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையரின் வாழ்வே சான்று. இசைவாணர் குடியில் பிறந்த அவருக்கு இசையிலும் தமிழிலும் ஒருசேர நாட்டம் இருந்தது. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணாக்கராகச் சேர்ந்தபோது, அதே ஊரில் இருந்த கோபாலகிருட்டிண பாரதியாரிடம் சில காலம் இசையும் பயின்றார். பிள்ளையவர்களுக்கு அது உவப்பாயில்லை என அறிந்ததும் இசைப் பயிற்சியை விடுத்தார். (ஒரு பிள்ளையின் இருவகைத் திறனில் ஒன்றை மற்றொன்றின் பொருட்டு விடச்செய்வது அன்றும் இருந்தது, எவ்வளவு பெரிய ஆசிரியராயினும் இவ்விடத்தில் மனம் சற்றுத் துணுக்குறவே செய்கின்றது.) 1876இல் பிள்ளையவர்கள் மறைந்தபின் திருவாவடுதுறை மடத்தில் சுப்பிரமணிய தேசிகரிடம் பாடங்கேட்டுக்கொண்டே, தம்பிரான்மார்க்கும் பிறர்க்கும் பாடம் சொல்லி வந்தார். நன்னூல் கூறும் காலும் அரையும் அவருக்கு அங்கே ஒருங்கே வாய்த்தன.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்தார். அவ்வாண்டு அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றபோது, முதலியார் அவர் என்னென்ன நூல் பயின்றார் என வினவினார். ஐயர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் எனப் பலவற்றையும் அடுக்கினார். முதலியார் அவற்றால் நிறைவடையவில்லை. அவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் பயின்றதுண்டா என்று கேட்டார். சீவகசிந்தாமணியைக் கொடுத்து, தமக்கு அதனைப் பாடம் சொல்லுமாறு வேண்டினார். ஐயர் அந்நூலை அதுவரை படித்தவர் அல்லர். பாடம் சொல்லத் தொடங்கிய பின்னரே எத்தனை சொற்கள், எத்தனை சமண சமயக் கருத்துகள் தமக்குத் தெரியவில்லை என்பது தெரிந்தது. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் வீடுகளைத் தேடிச் சென்று, அவர்களிடம் மாணாக்கராய் அமர்ந்து கேட்டார். கேட்டதை வந்து முதலியாருக்கு உரைத்தார். அவ்வாறு தொடங்கிய சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. சங்க நூல்கள் ஒவ்வொன்றாக அதன் பின்னே வந்தன. நன்னூலின் மயிலைநாதர் உரையையும் சங்கர நமச்சிவாயர் உரையையும் பிற்காலத்தில் பதிப்பித்துத் தந்தவரும் அவரே.